ஒன்பது, பத்து, ஒன்று-ஏ

9, 10, 1ஏ. மூன்று கதவிலக்கங்கள். தெரு தெரிந்த தபால்காரர் கையில் கொடுத்தால் 1ஏ, 9, 10 என்று அடுக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிடுவார். இதே மூன்றையும் பிஎச்பி என்கிற இணைய நிரல்மொழியிடம் கொடுத்து, இரண்டிரண்டாக எடுத்து எது பெரிது என்று கேட்டுப் பார்க்கலாம். 9ஐவிட 10 பெரிது என்கும். இரண்டுமே பார்வைக்கு எண்ணாக இருப்பதால் எண்ணாகவே ஒப்பிடுகிறது. 10ஐவிட 1ஏ பெரிது என்கும். 1ஏ எண்ணாகத் தேறாததால் இப்போது எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது, இரண்டிலும் முதலில் 1, அடுத்து ஒன்றில் சுழியம், மற்றதில் ஏ, எழுத்து இலக்கத்துக்குப் பின்னால்தான் வரும். 1ஏவைவிட 9 பெரிது என்கும். அதே எழுத்துக் கணக்கில் 1க்குப் பின்தானே 9. ஆக 9க்கு மேல் 10, 10க்கு மேல் 1ஏ, 1ஏவுக்கு மேல் மறுபடி 9. செக்குமாட்டு வட்டம். தனித்தனியே கேட்டால் மூன்று விடைக்கும் நியாயம் சொல்லலாம். மூன்றையும் சேர்த்தால் வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. பட்டியலை எந்த ஒழுங்கில் உள்ளே போட்டோம் என்பதைப் பொறுத்து வெளியே வருவதும் மாறும். எண்ணையும் எழுத்தையும் கலந்ததால் வந்த வினை என்று பாடநூல்கள் சொல்லிவிடும். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கட்சி. எண்ணும் எழுத்தும் கலந்த இலக்கங்களைப் புதுச்சேரியை ஒட்டிய கடற்கரையில் நூறாண்டுக்கும் மேலாக எழுதி, அடுக்கி, தேடி எடுத்து வந்திருக்கிறார்கள். எதை எதோடு எப்படி ஒப்பிடுவது என்று எழுதும் முன்பே பேசி வைத்திருந்ததால் அது நடந்தது. இணைய மொழி அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஊகத்தில் இறங்கியது.

கோட்டக்குப்பம் இந்தக் கதைக்குத் தோதான ஊர். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். நடுவில் ஒரு வயல்கூடக் கிடையாது, ஆனால் 1954 நவம்பர் 1 வரை அந்த இடைவெளியில் இரண்டு ஆட்சிகள் முட்டிக்கொண்டு நின்றன. தெற்கே பிரெஞ்சுக்காரரின் பதிவேடு, வடக்கே ஆங்கிலேயர் தொடங்கிவைத்த தென்னாற்காடு மாவட்டப் பதிவேடு. 1993ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தபோது ஊர் விழுப்புரம் பக்கம் வந்தது. 2021ல் பேரூராட்சி நகராட்சியானது. ஆட்சி மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மறுபடி எண் போடுகிறார். எண்களில் மிகப் பழையதும் பிடிவாதமானதும் நிலத்தின் எண்தான். மதராஸ் மாகாணத்தில் நில அளவைக்கென்று தனித்துறை 1858ல் வந்தது. அது கிராமத்தைப் புலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது; 1923ல் வந்த நில அளவை, எல்லைகள் சட்டம் அந்த வேலைக்குச் சட்டச் சட்டகம் தந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. புலம் பாகப்பிரிவினையில் உடையும். 12ஆம் புலம் உடைந்தால் 12/1, 12/2, 12/3. பேச்சில் பன்னெண்டு பை மூணு. அந்த மூன்றாவதையும் அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டால் 12/3ஏ, 12/3பி. ஏவும் உடைந்தால் 12/3ஏ1, 12/3ஏ2. அதற்கும் கீழே போனால் மறுபடி எழுத்து.

இந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எண், எழுத்து, எண், எழுத்து என்று மாறி மாறி ஏன்? மூன்றை உடைத்து 1 என்று அருகில் எழுதினால் 31 ஆகிவிடும். முப்பத்தொன்றாம் உட்பிரிவா, மூன்றில் ஒன்றா என்று நாளை யாருக்கும் தெரியாது. இடையில் ஓர் எழுத்தை நட்டுவிட்டால் அதுவே வரப்பு. எண் எங்கே முடிகிறது, அடுத்த அடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த எழுத்து சொல்லிவிடுகிறது. தனிக் குறி எதுவும் தேவையில்லை. இன்னொரு நுணுக்கம்: 3 உடைந்து 3ஏ, 3பி ஆன பிறகு வெறும் 3 என்று ஒன்று இருக்காது. எனவே 3 முன்னா, 3ஏ முன்னா என்ற சண்டையே எழாது. வரிசைப்படுத்தும் விதி இலக்கத்துக்கு வெளியே ஒரு கையேட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, இலக்கம் எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. துண்டு துண்டாக வாசி, எண் துண்டை எண்ணாக வாசி, எழுத்துத் துண்டை எழுத்தாக வாசி: அவ்வளவுதான். 12/2க்குப் பின் 12/10 வரும், 12/3ஏ9க்குப் பின் 12/3ஏ10 வரும். கலப்புத் தரவை வரிசைப்படுத்துவது எப்படி என்று எந்தக் கணினிக்காரரும் யோசிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே ஒரு நிலஅளவர் சங்கிலியும் கையுமாக நின்று அதைத் தீர்த்திருக்கிறார். தீர்த்தவர் பெயர் நமக்குத் தெரியாமல் போனது அநியாயம்.

அதற்கும் முந்தைய கணக்கில் நிலைமை இதைவிடச் சிக்கல். பழைய தமிழ் இலக்கங்கள் எழுத்துகளின் சாயலிலேயே இருக்கின்றன: ஒன்று என்பது க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, பத்து ய. ஓலையில் தனியாக ஓர் உகரம் கிடந்தால் அது எழுத்தா இரண்டா என்று அந்த உருவம் மட்டும் சொல்லாது. இதோடு காணி, அரைக்காணி, மா, முந்திரி என்று கீழ்வாய்க் குறிகள் வேறு; முந்திரி என்பது ஒன்றில் 320ல் ஒரு பங்கு. இந்த இலக்கங்கள் இன்றைய யுனிகோடிலும் இருக்கின்றன; அதில் ஒரு வேடிக்கை. பத்துக்குத் தனிக்குறி இருப்பதாலும் அந்தக் குறி ஒன்பதுக்கு அடுத்த இடத்தில் இருப்பதாலும், தமிழ் இலக்கங்களை வெறும் எழுத்துகளாகவே வரிசைப்படுத்தினாலும் ௯, ௰, ௰௧ என்று ஒன்பது, பத்து, பதினொன்று சரியாக வந்து நிற்கும். அராபிய இலக்கத்தில் 1, 10, 11, 2 என்று உளறுகிற அதே முறை இங்கே பத்தொன்பது வரை ஒழுங்காக நடக்கிறது. இருபதில் கவிழ்ந்துவிடும், ௨௰ என்பது ௨ல் தொடங்குவதால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பது வரை தற்செயலாகச் சரியாக வருகிற முறையை நம்பி இருபது வரியுள்ள பட்டியலை எழுதினவரின் கதி என்ன என்பதைப் பின்னால் பிஎச்பியிடம் பார்ப்போம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஓலை வாசித்தவரும் ஊகித்துத்தானே வாசித்தார், உகரமா இரண்டா என்று? ஊகித்தார். ஆனால் அவர் ஊகத்துக்குப் பிடிமானம் இருந்தது. கணக்கு வரியில் ஒவ்வொன்றுக்கும் இருக்கை உண்டு: ஆள் பெயர் ஓரிடம், நிலத்தின் பெயர் ஓரிடம், அளவு ஓரிடம், அளவுக்கு முன்னும் பின்னும் காணி என்றோ குழி என்றோ அலகு. 100 குழி ஒரு காணி என்கிற வாய்ப்பாடு இருவருக்கும் தெரியும். அளவு வரவேண்டிய இடத்தில் உகரம் வந்தால் அது இரண்டு. உருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்படி யாரும் அவரை விடவில்லை. இதை விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அந்த உடன்பாடு யாரிடம் இருந்தது? கர்ணத்திடம். கணக்குப்பிள்ளை ஒருவருக்கே படிக்கத் தெரிந்த கணக்கில் குடியானவனுக்கு என்ன காப்பு? நியாயமான கேள்வி. அந்த வாசிப்பு உரிமையை வைத்துக்கொண்டு நடந்த அதிகாரம் சிறிதல்ல. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை அரசு ஒழித்தபோது அழுதவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். கர்ணம் போனார், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 12/3ஏ1 அப்படியே இருந்தது, அடுத்த நாளும் 12/3ஏ2க்கு முன்னால்தான் இருந்தது. ஆளின் மூளையில் இருந்த உடன்பாடு ஆளோடு போகும். இலக்கத்திலேயே எழுதப்பட்ட உடன்பாடு ஆள் மாறினாலும் நிற்கும்.

சொற்களை அடுக்கிய வரலாறும் இதையே சொல்கிறது. திவாகரம் என்ற பழைய நிகண்டு பன்னிரண்டு தொகுதியாக நிற்கிறது: தெய்வம் ஓரிடம், மக்கள் ஓரிடம், விலங்கு ஓரிடம், மரம் ஓரிடம், கடைசித் தொகுதி தொகைப் பெயர்களுக்கு. வகை முதலில், வரிசை அதற்குள்ளே. 1594ல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கினார். 1732ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அகரவரிசையை முழுக்கக் கொண்டுவந்தார். அவர்கூட எல்லாச் சொல்லையும் ஒரே குவியலாகக் கொட்டி அடுக்கவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதியாகப் பிரித்துத்தான் ஒவ்வொன்றையும் அகரவரிசைப்படுத்தினார். இன வேறுபாட்டை முதலில் ஒத்துக்கொள், பிறகு வரிசைப்படுத்து என்கிற கட்டளை நிகண்டிலிருந்து அகராதிக்கு வந்த பிறகும் கைவிடப்படவில்லை.

இப்போது 1995க்கு வருவோம். கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்தை நடத்த எழுதிவைத்த சின்னச் சின்னக் கருவிகளை அந்த ஆண்டு ஜூனில் வெளியிட்டார். பிஎச்பி என்ற மூன்றெழுத்து அந்தச் சொந்தப் பக்கத்தைத்தான் முதலில் குறித்தது. இணையப் படிவத்தில் ஒருவர் வயது 40 என்று தட்டினாலும், பெயரைத் தட்டினாலும், இரண்டும் சர்வருக்கு வெறும் எழுத்துக் கோவையாகவே, நிரலர் சொல்லும் ஸ்ட்ரிங்காகவே, வந்து சேரும். 40ஐ எண்ணாக மாற்று என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது அலுப்பு. எனவே மொழி ஒரு தயவு செய்தது: எண்ணைப் போல் தெரிந்தால் எண் என்று வைத்துக்கொள்ளும், எண்ணோடு ஒரு சொல்லை ஒப்பிட நேர்ந்தால் சொல்லையும் எண்ணாக்கிவிடும், ஆக்க முடியாவிட்டால் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். இதன்படி 0 என்ற எண்ணும் கோட்டக்குப்பம் என்ற சொல்லும் சமம். 0வும் மரக்காணமும் சமம். ஆனால் கோட்டக்குப்பமும் மரக்காணமும் சமமல்ல. இப்படி மூன்று பேர் இருக்கிற பட்டியலை எந்த வரிசைக்கலையாலும் ஒழுங்குபடுத்த முடியாது. இந்தக் கோளாறு கால் நூற்றாண்டு நின்றது. 2020 நவம்பர் 26ல் எட்டாம் பதிப்பு வந்தபோதுதான் திருத்தினார்கள். எண்ணோடு எண்ணல்லாத சொல்லை ஒப்பிட்டால் இனி எண்ணைச் சொல்லாக்கி ஒப்பிடுவது என்று முடிவானது. 0 கோட்டக்குப்பத்துக்குச் சமமாக இருந்த காலம் முடிந்தது.

திருத்தத்தின் பக்கவிளைவைத்தான் யாரும் அதிகம் பேசவில்லை. 9, 10 இரண்டையும் உண்மையான எண்களாக வைத்து, 1ஏவை மட்டும் சொல்லாக வைத்தால் பழைய பதிப்பு என்ன செய்யும்? 1ஏவை எண்ணாக்கும், முதலில் கிடைக்கிற 1ஐ எடுத்துக்கொண்டு ஏவை உதறிவிடும். 1, 9, 10. தபால்காரர் அடுக்கிய அதே வரிசை, தற்செயலாக! புதிய பதிப்பு எண்ணைச் சொல்லாக்குவதால் 10க்குப் பின் 1ஏ, 1ஏவுக்குப் பின் 9 என்று செக்குமாடு இங்கேயும் வந்துவிட்டது. ஒரு தவறான ஊகத்தை இன்னொரு நல்ல ஊகத்தால் மாற்றினார்கள். நல்ல ஊகமும் ஊகம்தான். சரியாக வந்த இடங்களில் அது ஏன் சரியாக வந்தது என்று தெரியாமலே கோடிக்கணக்கான வரிகள் எழுதப்பட்டிருந்தன. தமிழ் இலக்கம் பத்தொன்பது வரை ஒழுங்காக நடந்தது போல.

மற்ற மொழிகள் வேறு வழி போயின. பிஎச்பி வெளிவந்த அதே 1995ல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதி முடித்த ஜாவாஸ்கிரிப்ட், வேறு ஏதும் சொல்லாவிட்டால், பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் எழுத்தாக்கியே அடுக்கும். 1, 10, 9 என்று எண்களையே குலைத்துத் தரும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது: வட்டம் வராது. பைத்தான் தன் இரண்டாம் பதிப்பில் எண்ணெல்லாம் முன்னே, சொல்லெல்லாம் பின்னே என்று இனவாரியாக அடுக்கியது, ஏறக்குறைய திவாகரத்தின் முறை. 2008ல் வந்த மூன்றாம் பதிப்பில் எண்ணையும் சொல்லையும் என்னால் ஒப்பிட முடியாது என்று கையை விரித்து நின்றுவிட்டது. முடியாது என்று சொல்வது பயனற்றது என்று தோன்றலாம். எனக்கு அது நிலஅளவர் செய்ததற்கு மிக அருகில் வருகிறது. எப்படி ஒப்பிடுவது என்று நீ சொல், அதுவரை நான் தொடமாட்டேன் என்கிறது.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோட்டக்குப்பத்து முகவரி ஒன்றே போதும். ஊரின் தொலைபேசிக் குறியீடு 0413. புதுச்சேரியின் குறியீடேதான், எல்லைக்கோட்டைத் தாண்டியும் நீண்டிருக்கிறது. இதை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள சுழியம் உதிர்ந்து 413 ஆகும். 0413, 413 என்ற இரண்டு சொற்களும் சமமா என்று பிஎச்பியைச் சாதாரணமாகக் கேட்டால் சமம் என்றே இன்றும் சொல்லும். அஞ்சல் குறியீடு 605104. மாநிலம் தமிழ்நாடு, ஆனால் முதல் மூன்று இலக்கம் புதுச்சேரிக்கும் உரியது. 1972 ஆகஸ்ட் 15ல் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்கத்தை யாரும் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. முதல் இலக்கம் மண்டலம், அடுத்தவை அதற்குள் வட்டாரம், கடைசி மூன்றும் அஞ்சலகம். இடமிருந்து வலமாகப் பிரித்துப் போடுவதற்கென்றே செய்தது, எண் வேடம் போட்ட சொல். இதெல்லாம் சில்லறை. உண்மையான பயங்கரம் உட்பிரிவில் இருக்கிறது. 1ஆம் உட்பிரிவு ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்தாக உடைந்து, ஈயும் மூன்றாக உடைந்தால் கடைசித் துண்டு 1ஈ3. அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் பிஎச்பிக்கு அது ஆயிரம். அறிவியல் குறிமுறையில் நடுவே வரும் ஈ என்பது பத்தின் அடுக்கு. ஒன்றோடு பத்தின் மூன்றடுக்கைப் பெருக்கினால் 1000. 1டி3 என்ற பக்கத்துத் துண்டு சொல்லாகவே இருக்கும், 1ஈ3 மட்டும் ஆயிரமாகி 999ஐத் தாண்டிப் போய் நிற்கும். நிலஅளவர் வரப்பாக நட்ட எழுத்தை மொழி பெருக்கல் குறி என்று வாசித்துவிட்டது.

இது கற்பனைக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். மரபணு ஆய்வாளர்களுக்கு இதே கதிதான் எக்செல் அட்டவணையில் நேர்ந்தது. செப்டின் என்ற புரத மரபணுவின் சுருக்கப் பெயரையும் எண்ணையும் தட்டினால் எக்செல் அதைச் செப்டம்பர் மாதத் தேதி என்று ஊகித்து மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016ல் வந்த ஓர் ஆய்வு கண்டது. முடிவில் 2020ல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. ஊகத்தை மாற்றச் சொல்வதைவிட உயிரியலை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது!

சரி, எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். அந்த ஊகம் இல்லாவிட்டால் இணையம் இவ்வளவு பேர் கையில் வந்திருக்குமா என்பது முதல் கேள்வி. வந்திருக்காது என்றே நினைக்கிறேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும் வேர்ட்பிரஸும் பிஎச்பியில் எழுதப்பட்டவை. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன்மேல்தான் நிற்கிறது. கணினி அறிவியல் படிக்காத ஒருவர் ஒரு மாலையில் கற்று ஒரு பள்ளிவாசலுக்கோ மீனவர் சங்கத்துக்கோ பக்கம் போட்டுக் கொடுக்க முடிந்தது அந்தத் தளர்வால். கடன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படிவத்திலிருந்து வந்த 40ஐக் கூட்டலுக்கு எண்ணாக்கிக் கொடுப்பது ஒன்று, வரிசைப்படுத்தும்போது ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு அளவுகோலை எடுப்பது வேறொன்று. முதலாவது உபகாரம், இரண்டாவது, ஒரே சந்தையில் ஒரு மூட்டையைப் படியாலும் அடுத்த மூட்டையைத் தராசாலும் அளந்துவிட்டு எது கூட என்று சொல்வது. இரண்டாவது கேள்வி: அளவுகோலைச் சொல்லும் வசதியைத்தான் மொழி கொடுத்திருக்கிறதே, எண்ணாக ஒப்பிடு, சொல்லாக ஒப்பிடு என்று கொடி பிடிக்கலாமே? உண்டு. 2000ல் வந்த நான்காம் பதிப்பிலேயே, மார்ட்டின் பூல் எழுதிய முறையைத் தழுவி, இயல்பு வரிசை என்ற ஒன்றும் இருக்கிறது: துண்டு துண்டாக வாசி, எண் துண்டை எண்ணாக, எழுத்துத் துண்டை எழுத்தாக. 1ஈ3 அங்கே ஆயிரமாகாது. நிலஅளவர் விதி சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கிறது! ஆனால் அது கேட்டால் கிடைக்கும் பண்டம். கேட்காதவருக்குக் கிடைப்பது ஊகம். கேட்கத் தெரியாதவரை மனத்தில் வைத்துச் செய்த மொழியில் அந்த ஏற்பாடு தலைகீழ்.

இன்னும் ஆழமான மறுப்பு மரக்காணத்து உப்பளத்திலிருந்து வரலாம். வரிசை மனிதர் உடன்பாடு என்கிறீரே, கடல்நீர் யாரைக் கேட்டுத் தன் கலப்பைப் பிரிக்கிறது? தேக்கத்தில் ஏற்றிய நீர் ஒவ்வொரு பாத்தியாக நகர்ந்து வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்கும், பிறகு ஜிப்சம், செறிவைக் காட்டும் போமே மானி 25 டிகிரியைத் தாண்டினதும் உப்பு, ஏறக்குறைய 30ல் வடிகட்டிவிட வேண்டிய மக்னீசியக் கசப்பு நீர். எந்த அலுவலகமும் அறிக்கை விடாமலே வரிசை. அழகான எதிர்வாதம்தான். ஆனால் அங்கே நடப்பதைக் கவனித்தால், எல்லா உப்பையும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: இந்தச் செறிவில் கரைந்திருக்க முடியுமா? ஒரே அளவுகோல், தொடக்கம் முதல் கடைசிவரை. எடையைக் கேட்டிருந்தால் வேறு வரிசை வந்திருக்கும், விலையைக் கேட்டிருந்தால் வேறு. வெயிலில் சுண்டவைப்பது என்ற முடிவை உப்பளக்காரர் எடுத்தபோதே கேள்வியும் முடிவாகிவிட்டது. ஒரு பாத்தியில் செறிவையும் அடுத்த பாத்தியில் நிறத்தையும் பார்த்து நீர் திறந்துவிடுகிறவருக்கு உப்பு கிடைக்காது.

உடன்பாடு இருந்தால் மட்டும் போதுமா, அது யாருடைய உடன்பாடு என்பதும் பார்க்க வேண்டாமா? கோட்டக்குப்பத்துப் பெயர்ப் பட்டியலில் இது முகத்தில் அடிக்கும். இஸ்லாமியர் பெருவாரியாக வாழும் ஊர். ஜாகிர், ஷாகுல், ஹமீது, ஸுலைகா என்று கிரந்தத்தில் தொடங்கும் பெயர்கள் ஏராளம். அகராதி மரபில் பதினெட்டு மெய்யும் முடிந்து, னகரத்துக்கும் பின்னால்தான் ஜ, ஷ, ஸ, ஹ. யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கிடைத்த இருக்கை அப்படியல்ல; எல்லா இந்திய எழுத்துக்கும் தேவநாகரி அச்சில் வார்த்த இஸ்கி என்ற முன்னோடித் தரத்திலிருந்து வந்தது. அதில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே. னகரம் கடைசியில் இல்லாமல் நகரத்தை ஒட்டி. றகரம் ரகரத்தை ஒட்டி. வகரம் ழகரத்துக்கும் பின்னால். புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிந்தைய இடம் கிடைத்ததால், அகராதியில் அகத்துக்கு முன்னால் நிற்கும் அக்கா இங்கே பின்னால் தள்ளப்படுகிறாள். யுனிகோடு எண்களை மட்டும் பார்த்து எழுத்தெழுத்தாக அடுக்கும் நிரல், ஜாகிரை ஞானத்துக்கு முன்னும் ஷாகுலை வள்ளிக்குப் பின்னும் போடும். பட்டியலில் தன் பெயரை அகரவரிசைப்படி தேடுகிறவர் கிரந்தமெல்லாம் கடைசியில் இருக்கும் என்று போய்ப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மொழிவாரியான வரிசை விதியைக் கேட்டு வாங்கும் வசதி பிஎச்பியில் 2009ல் ஐந்து-புள்ளி-மூன்றாம் பதிப்போடு வந்தது. இதுவும் கேட்டால்தான்.

வீட்டு எண்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் வாசலில் எழுதி வைக்கிற வழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் எல்லாருக்கும் பழகிப்போனது. பார்க்கிறவருக்கு அது குழப்பமாகத் தெரியும். எழுதினவர் குழம்பவில்லை, 10 என்று வெறுமனே எழுதாமல் எந்தப் பத்து என்று சேர்த்து எழுதியிருக்கிறார். எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் இன்றும் ஒரே மனைக்கு இரண்டு எண் வரும். இந்தியாவோடு சேர்ந்த பிறகு நடந்த மறு அளவையில் கிடைத்த எண் ஒன்று. பிரெஞ்சுக்காரர் அளந்து வைத்துவிட்டுப் போன கதாஸ்தர் எண் மற்றொன்று. இரண்டையும் யாரும் ஒரே வரிசையில் சேர்த்து அடுக்க முயல்வதில்லை. எண்ணுக்கு முன்னால் அது எந்தப் பதிவேட்டின் எண் என்ற சொல்லை எழுத்தர் முதலில் எழுதுகிறார், பிறகுதான் எண்.